நேற்று வரை சரி, இன்று தப்பு: உயர் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் என்ன படிக்கிறார்கள்?

இதுவரை கணக்கில் தடுமாறாத பிள்ளை திடீரென்று 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது. உடனே "கவனமே இல்லை", "புத்தி முழுக்க விளையாட்டில்" என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் எழுதியிருக்கிறது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டியது, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டியது. எண்களைக் கூட்டு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை வருடம் நாம் சொல்லிக்கொடுத்தோமோ அதையே செய்திருக்கிறது. அந்த விதி இங்கே செல்லாது. அவ்வளவுதான் விஷயம்.

உயர் தொடக்க நிலை என்று எந்த வகுப்புகளைச் சொல்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் வயது ஏறக்குறைய ஒன்றுதான், பத்திலிருந்து பதின்மூன்றுக்குள். இந்த வயதில் ஒரு பருவத்துக்கான பாடப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பின்னம், தசமம், விகிதம், குறை எண்கள், எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிற இயற்கணிதம், செடி எப்படி உணவு தயாரிக்கிறது, மின்சுற்று, வரைபடம், பழைய ஆவணம், அப்புறம் நாலைந்து பக்கத்துக்கு ஒரு செயல்திட்டம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மாதிரிக் கிடக்கும். பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வேலைதான் நடக்கிறது. இதுவரை சரியாக இருந்த ஒரு விதியை, பிள்ளை தானாகவே கைவிட வேண்டியிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்பதைவிட இது கஷ்டம். கைவிட வேண்டிய அந்த விதி பொய்யாக இருந்ததில்லை, பல வருடம் மதிப்பெண் வாங்கிக் கொடுத்த விதி அது.

பின்னத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற எதையும்விட இங்கேதான் அதிகப் பிள்ளைகள் விழுகிறார்கள். முழு எண்களின் உலகத்தில் 4 என்பது 3ஐவிடப் பெரியது, இதில் சந்தேகமே கிடையாது. பின்னத்துக்கு வந்தால் 1/4 என்பது 1/3ஐவிடச் சின்னது. முழு எண்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண் ஒன்று உண்டு. 1/3க்கு அடுத்த எண் எது என்று கேட்டால் பதிலே கிடையாது; 1/3க்கும் 1/2க்கும் நடுவில் முடிவில்லாமல் எண்கள் கிடக்கின்றன. முழு எண்களில் பெருக்கினால் பெருகும், வகுத்தால் குறையும் (பெருக்கல் என்ற சொல்லே அதைத்தானே சொல்கிறது). இங்கே 8ஐ 1/2ஆல் பெருக்கினால் 4 ஆகிறது, 1/2ஆல் வகுத்தால் 16 ஆகிறது. பிள்ளையின் காலடியில் இருந்த தரையே நகர்ந்த மாதிரி.

அமெரிக்காவில் 1978ல் நடந்த தேசியக் கற்றல் மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு வரும்? சரியாகக் கணக்குப் போட வேண்டாம், 1, 2, 19, 21 என்ற நான்கில் கிட்டத்தில் இருப்பதைச் சொன்னால் போதும். 12/13 ஏறக்குறைய ஒன்று, 7/8ம் ஏறக்குறைய ஒன்று, ஆக 2. இதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். 19 என்றவர்கள் 28 சதவீதம், 21 என்றவர்கள் 27 சதவீதம். 19 எங்கிருந்து வந்தது? 12ம் 7ம். 21? 13ம் 8ம். பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே இரண்டு பின்னங்களைப் பார்க்கவில்லை, நான்கு முழு எண்களைப் பார்த்தார்கள். ஒரு பின்னம் என்பது கோட்டுக்கு மேலும் கீழும் உட்கார்ந்திருக்கிற இரண்டு எண் இல்லை, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்கிற ஒரே எண் என்பது மனதில் இறங்கவே இல்லை.

தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல கைப்பிடி இருக்கிறது, அதை நாம் ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. 'நான்கில் மூன்று' என்கிறோம். மொத்தம் எத்தனை பங்கு என்பது முதலில் வந்துவிடுகிறது, அதில் எத்தனையை எடுத்தோம் என்பது பிறகு வருகிறது. கொரிய மொழியிலும் இதே அமைப்புதான். 1999ல் கொரிய, குரோஷிய, அமெரிக்கச் சிறு பிள்ளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பள்ளியில் பின்னம் நடத்துவதற்கு முன்பே கொரியப் பிள்ளைகள் படத்தையும் பின்னத்தையும் பொருத்துவதில் முன்னே இருந்தார்கள். பிறகு வந்த இன்னோர் ஆய்வில், அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே அந்த மாதிரி மாற்றிச் சொல்லிப் பார்த்தபோது அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆக, உதவுவது சொல்லின் அமைப்பு. நம்மிடம் அதற்கு மேலும் இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால், அதாவது 3 × 1/4. அரைக்கால் என்றால் காலில் அரை, 1/2 × 1/4 = 1/8; ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கினால் சின்னதாகும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலே அரைக்கால் என்றால் 1/4 + 1/8, கூட்டினால் 3/8. மாகாணி 1/16, முந்திரி 1/320. முந்திரி வரை போக வேண்டாம், அரையும் காலும் அரைக்காலும் போதும். ஒரு பிள்ளையிடம் "அரைக்கால் என்றால் என்ன, நீயே பிரித்துச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள், பின்னப் பெருக்கல் அங்கேயே நடந்துவிடும்.

2/5 என்று எழுதிய பிள்ளைக்கு என்ன சொல்வது? மீச்சிறு பொது மடங்கு எடு, கீழே இருப்பதை ஒன்றாக்கு என்று முறையை உடனே திருப்பிச் சொல்வதில் பெரிய பலன் இல்லை. 2/5 பாதியைவிடப் பெரியதா சின்னதா என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பாதிக்குக் குறைவு. சரி, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிப் பாதியைவிடக் குறைந்தது? இந்தக் கேள்வி விழுந்ததும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தப்பு என்று நாம் சொன்னால் அது ஒரு சிவப்புக் கோடு. அதுவே கண்டுபிடித்தால் பழைய விதி அந்த இடத்தில் தளர்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல வருடங்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்தார்கள். பத்து வயது வாக்கில் பின்னத்திலும் வகுத்தலிலும் எவ்வளவு தெளிவு இருந்தது என்பதை வைத்து, பல வருடம் கழித்து உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்திலும் மொத்தக் கணக்கிலும் அந்தப் பிள்ளை எப்படிச் செய்யும் என்று ஊகிக்க முடிந்தது, குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, பொது அறிவுத்திறன் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும். பின்னம் ஒரு பாடத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. விகிதம், சதவீதம், வரைபட அளவுகோல், கரைசலின் செறிவு எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

தசமத்தில் நடப்பதும் அதே கதை. 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்றால் 0.45 என்று பதில் வரும், 45 பெரியது, 5 சின்னது என்ற கணக்கில். புள்ளிக்குப் பிறகு வருவதை "நாற்பத்தைந்து" என்று படிக்கவிடாமல் "பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகப் படிக்க வைத்தாலே பாதி சரியாகிவிடும். குறை எண்களில் −7 என்பது −3ஐவிடச் சின்னது என்பதற்கும் தடுமாறுவார்கள், அது நியாயம்தான். பிரம்மகுப்தர் 628லேயே செல்வம், கடன் என்று வைத்து இவற்றுக்குக் கூட்டல் பெருக்கல் விதிகளை எழுதிவிட்டார், ஆனால் 1758லும்கூட ஃபிரான்சிஸ் மசேர்ஸ் என்ற ஆங்கிலக் கணிதர் குறை எண்களை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். படித்த பெரியவர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் தயங்கிய ஒன்றை நம் பிள்ளை ஆறு வாரத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சமக்குறியில் இருக்கிற சிக்கல் வெளியே தெரியாது, அதனால் அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கொடுத்தார்கள், முடிவு 1999ல் வெளியானது. ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. எல்லோரும் 12 அல்லது 17 என்றார்கள். 12 என்பது 8ம் 4ம். 17 என்பது கண்ணில் பட்டதை எல்லாம் கூட்டியது. சரியான விடை 7, இரண்டு பக்கமும் 12 ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரியாமலா? முதல் வகுப்பிலிருந்து பார்த்த எல்லாக் கணக்கிலும் = என்ற குறி "இனி விடை எழுது" என்ற கட்டளையாகத்தான் வந்திருக்கிறது, தராசு மாதிரி இரண்டு பக்கமும் ஒன்று என்று யாரும் காட்டவில்லை. 1557ல் அந்தக் குறியை முதலில் எழுதிய வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை எவையும் இருக்க முடியாது என்றுதான் அந்த வடிவத்தையே எடுத்தார். இந்தத் தெளிவு இல்லாமல் 2x + 3 = 11 என்று போர்டில் எழுதினால், "இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்வதைத் தவிர பிள்ளைக்கு வேறு வழி இருக்காது. வீட்டில் 12 = 8 + 4 என்று திருப்பி எழுதிக் காட்டி இது சரியா என்று கேளுங்கள். "தலைகீழாக இருக்கிறது" என்று பதில் வந்தால், இயற்கணிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி.

மொழிப் பாடத்துக்கு வருவோம். இந்த வயது வரை, எழுத்துக் கூட்டித் தடங்கல் இல்லாமல் வாசித்தால் "நன்றாக வாசிக்கிறது" என்று சொல்லிவிடுவோம். இப்போது அது போதாது. ஜீன் சால் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1983ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: முதலில் வாசிக்கக் கற்கிறார்கள், ஏறக்குறைய ஒன்பது வயதிலிருந்து கற்பதற்காக வாசிக்கிறார்கள். இந்த மாற்றத்தில்தான் நன்றாக வாசித்த பிள்ளைகள் பலர் திடீரென்று மந்தமாகிவிட்டதுபோலத் தெரிகிறார்கள். பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு "என்ன சொல்லியிருக்கிறது?" என்றால் விழிக்கிறார்கள். அதற்குத் தீர்வு என்று இன்னும் வாசிப்புப் பயிற்சியை அடுக்குவது வழக்கம். 1988ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு புரியும். அதனால்தான் வாசிப்பை மேம்படுத்துகிறேன் என்று சொல்லி அறிவியல், சமூக அறிவியல் நேரத்தைப் பிடுங்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அந்தப் பாடங்கள்தான் வாசிப்புக்குச் சோறு போடுகின்றன.

எழுத்திலும் ஒரு நகர்வு உண்டு. "நான் கண்ட மழைக்காலம்" என்று விவரித்து எழுதிய கை, இப்போது ஒரு கருத்தைச் சொல்லி அதற்குக் காரணம் காட்டி, எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்றும் யோசிக்க வேண்டும். 'ஆனால்', 'எனவே', 'இருந்தாலும்' என்ற மூன்று சொற்களைச் சரியான இடத்தில் போட வந்துவிட்டால் பெரும்பகுதி வந்துவிட்டது.

அறிவியலில் பிள்ளைகள் வெறும் மனதோடு வருவதில்லை, பத்து வருடம் தாங்களே பார்த்துச் சேர்த்த விளக்கங்களோடு வருகிறார்கள். செடி எங்கிருந்து வளர்கிறது? மண்ணிலிருந்து. வேர் மண்ணுக்குள் இருக்கிறது, தண்ணீரும் உரமும் அங்கேதான் போடுகிறோம், வேறென்ன சொல்வார்கள்! பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில், 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அறுபது கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648ல் வெளியான இந்தச் சோதனையிலிருந்து, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார். அதுவும் முழுச் சரியில்லை. 1771ல் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில வேதியியலாளர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றைப் புதினாச் செடி மறுபடி எரிய ஏற்றதாக்குகிறது என்று கண்டார், 1779ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் அதற்கு வெளிச்சமும் செடியின் பச்சைப் பாகமும் வேண்டும் என்று காட்டினார். மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றில் இருக்கிற கரியமில வாயுவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது. கண்ணுக்கே தெரியாத காற்று கட்டையாக நிற்கிறது என்பதைப் பிள்ளை நம்ப வேண்டுமே! "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண் விடையை எழுதிவிட்டு மனதுக்குள் மண்ணையே நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஏராளம். விடைத்தாளில் அது தெரியாது. 90 கிலோ மண் எவ்வளவு குறையும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு நடந்ததைச் சொன்னால்தான் தெரியும்.

மின்சுற்றிலும் இப்படித்தான். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் முதல் பல்பு பிரகாசமாக எரியும், மின்சாரத்தில் கொஞ்சம் அங்கே தீர்ந்துவிடும் என்பார்கள். இணைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெளிச்சம். குளிர்காலம் ஏன் வருகிறது என்றால் பூமி சூரியனைவிட்டுத் தள்ளிப் போவதால் என்பார்கள். ஜனவரி தொடக்கத்தில், வட பாதி குளிரில் இருக்கும்போதுதான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. அச்சின் சாய்வுதான் காரணம்.

செய்முறையில் இந்த வயதில் முக்கியமாகப் பழக வேண்டிய ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஊசல் இதற்கு அருமையான பொருள், ஒரு நூல், ஒரு கல் போதும். வேகமாக ஆட எது காரணம்? கல் கனமானால் வேகமாக ஆடும் என்பார்கள் பெரும்பாலோர். கனமான கல்லைக் கட்டும்போது நூலையும் குட்டையாக்கிவிடுவார்கள், ஆட்டம் வேகமாகும், "பார்த்தீர்களா!" என்பார்கள். இங்கேதான் நிறுத்த வேண்டும். இரண்டை மாற்றினாய், எதனால் வேகமானது என்று எப்படிச் சொல்வாய்? நூல் நீளத்தை மாற்றாமல் கல்லை மட்டும் மாற்றினால் நேரம் மாறவே மாறாது. நீளத்தை மாற்றினால் மாறும், நினைத்த மாதிரி இல்லாமல் வேறு மாதிரி: சின்ன வீச்சில், 25 சென்டிமீட்டர் நூலில் போய்வர ஏறக்குறைய 1 வினாடி, 1 மீட்டர் நூலில் 2 வினாடி. நான்கு மடங்கு நீளத்துக்கு இரண்டே மடங்கு நேரம். பத்து முறை ஆடும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள், சராசரியும் தசமமும் அங்கே தேவையாகவே வந்து நிற்கும்.

சமூக அறிவியலில், புத்தகம் சொன்னது நடந்தது என்று ஏற்றுக்கொண்ட பிள்ளையிடம், இதை எழுதியது யார், எப்போது, எதற்காக, இன்னொருவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருக்குமா என்று கேட்கிறார்கள். வரைபடத்தில் 1 : 50,000 என்றால் 1 சென்டிமீட்டருக்கு 500 மீட்டர், மறுபடியும் விகிதம்தான்.

அப்புறம் செயல்திட்டம். இதைப் பற்றிக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு அம்மா படம் வெட்டி ஒட்ட, அப்பா இணையத்திலிருந்து நாலு பக்கம் எடுத்துக் கொடுக்க, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை அழகான சார்ட்டுக்குக் கைத்தட்டல். அந்தப் பிள்ளையிடம் "இதில் உனக்கு என்ன சந்தேகம் வந்தது?" என்று கேட்டால் எதுவும் இருக்காது, ஏனென்றால் அது எதையும் செய்யவில்லை. செயல்திட்டம் இந்த வயதில் வருவதே, பல நாளுக்கு ஒரு வேலையைத் தானே பிரித்து, பாதியில் தவறிப் போய், திரும்பி வரப் பழகுவதற்குத்தான். கோணலாக ஒட்டியிருந்தாலும் அது எழுதியதாக இருக்கட்டும். ஆசிரியர்களும் அழகுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, முதலில் என்ன நினைத்தாய், எந்த இடத்தில் மாற்றினாய் என்று ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தால், வீட்டில் யாரும் கத்திரிக்கோலை எடுக்கமாட்டார்கள்.

இன்னொன்று, ரப்பர். தப்பான வரியைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டுச் சரியானதை மேலே எழுதுவது நல்ல பழக்கம் என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நோட்டு பளிச்சென்று இருக்கும், எனக்கோ எதுவுமே தெரியாது. அந்தப் பிள்ளை 2/5 என்று எழுதியதா, சரியான விடையான 5/6ஐ நேரே எழுதியதா, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்ததா. என் வகுப்பில் இந்தப் பருவம் முழுக்க ரப்பர் பைக்குள்ளேயே இருக்கிறது. தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே ஏன் அடித்தேன் என்று நாலு வார்த்தை. போன வாரம் ஒரு நோட்டில் அடித்த 2/5க்குப் பக்கத்தில் "பாதியைவிடக் கம்மியா வருது" என்று எழுதியிருந்தது.